ஊகாரக் கோளாறு

அப்துல் கையூமின் பதவிக்குப் பெயர் சீஃப் பீப்பிள் ஆஃபீஸர். அதைத் தமிழில் எப்படிச் சொல்வது என்று அவரே தடுமாறிக்கொண்டிருந்தபோது, செங்கல்பட்டு பஜாரில் பிளாஸ்டிக் சாமான் கடை வைத்திருந்த அவருடைய அக்கா சுல்தான் பீவி ஒரே மூச்சில் மொழிபெயர்த்துவிட்டாள்.

"ஆள் புடிக்கிற வேலைன்னு சொல்லேன்டா. அதுக்கு இன்னாத்துக்கு இம்மாம் நீளம்?"

ஆள் பிடிக்கிற வேலைதான். கோவளத்தைத் தாண்டி மாமல்லபுரம் போகிற வழியில், கடலுக்கு முகம் காட்டி 'அலைமுகம்' என்றொரு மறுவாழ்வு மருத்துவமனை எழும்பியிருந்தது. மருத்துவமனை என்ற சொல்லை அங்கே யாரும் சொல்லக் கூடாது. அது மீட்சி இல்லம். நோயாளி விருந்தினர். நர்ஸ் பரிவுத் தோழி. படுக்கைப் புண்ணுக்கும் ஒரு நல்ல பெயர் யோசித்து வைத்திருந்தார்கள். நல்லவேளையாக, அதுவரை யாருக்கும் வரவில்லை. சேர்மன் சரவணகுமார் கல் குவாரியில் பெரிய ஆளானவர். கல்லென்றால் போட்ட இடத்தில் கிடக்கும். நர்ஸுகள் அப்படிக் கிடப்பதில்லை, ஆறு மாதத்தில் அயர்லாந்துக்கோ மஸ்கட்டுக்கோ போய்விடுகிறார்கள் என்பது அவருக்குப் புதுச் செய்தியாக இருந்தது. அந்தச் செய்திக்காகத்தான் கையூமை வேலைக்கு எடுத்திருந்தார்.

கையூம் வந்ததும் முதல் காரியமாக ஒரு மொழி விதி எழுதினார். அலைமுகத்தில் விருந்தினர் காதில் விழுவது நல்ல ஆங்கிலமாக இருக்க வேண்டும், இல்லையென்றால் தெளிந்த தமிழாக. 'இன்னா', 'வூடு', 'கீது' வகையறாக்கள் வாசலோடு நின்றுவிட வேண்டும். சேர்மன் அதைப் படித்துவிட்டு நாற்காலியிலிருந்து எழுந்து கை கொடுத்தார். இருபது வயதுவரை அந்த வகையறாக்களை வாய் நிறையப் பேசியவர்தான் கையூம் என்பது சேர்மனுக்குத் தெரியாது. சென்னையில் முதல் வேலைக்குப் போன இடத்தில் யாரோ பின்னால் சிரித்தார்கள். அதிலிருந்து குளியலறைக் கண்ணாடி முன்னால் நின்று 'இருக்கிறது, இருக்கிறது' என்று சொல்லிச் சொல்லி நாக்கை இழைத்து எடுத்தவர் அவர். இழைத்த நாக்கு பளபளவென்று இருந்தது. அதில் பழைய வாசனை துளிகூட மிச்சமில்லை.

ஆள் எடுப்பைச் செங்கல்பட்டில் ஒரு கல்யாண மண்டபத்தில் வைத்தார்கள். முந்தின நாள் கல்யாணத்தின் தெர்மாகோல் எழுத்துகளைக் கழற்ற வேண்டியவன் வராததால், மணமக்கள் பெயருக்கு மேலேயே மருத்துவமனையின் பேனரைக் கட்டினார்கள். மாப்பிள்ளை பெயரின் கடைசி எழுத்து மட்டும் பேனருக்கு வெளியே எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது. மதுராந்தகம், திருக்கழுக்குன்றம், கல்பாக்கம் பக்கமிருந்தெல்லாம் பெண்கள் வெள்ளைக் கோட்டைப் பையில் மடித்து வைத்துக்கொண்டு வந்தார்கள். பந்திக் கூடத்தில் நீள மேசைகளுக்குப் பின்னால் வரிசையாக உட்கார வைத்ததும், இனி இலை போடுவார்கள் என்பது போல எல்லோரும் ஒரே திசையைப் பார்த்தார்கள்.

வந்தவர்கள் ஒவ்வொருவரும் மேடைக்கு வந்து ஒரு வாக்கியத்தைச் சொல்லிக் காட்ட வேண்டும். சேர்மன் தாமே உட்கார்ந்து யோசித்தது: "வணக்கம். உங்கள் மீட்சிப் பயணத்தில் நான் உடன் வருகிறேன்."

"சார், பயணம்னா ஆம்புலன்ஸ்லயா?" என்று ஒரு நர்ஸ் உண்மையாகவே சந்தேகம் கேட்டாள். அவளை எடுக்கவில்லை.

பேச்சுப் பயிற்சியாளர் வேலைக்கு இரண்டே பேர் வந்திருந்தார்கள். ஒருத்தி ஜாக்குலின், பெங்களூரில் வளர்ந்தவள். தமிழை ஒவ்வொரு எழுத்தாகத் துடைத்துத் துடைத்து வைப்பாள். இன்னொருத்தி ரெபேக்காள். மதுராந்தகத்துக்குப் பக்கத்தில் ஊர். அவள் அப்பா கருப்பன், ஏரிப் பாசன வயல்களில் நடவுக்கும் அறுப்புக்கும் போய்க்கொண்டிருந்தவர். பேச்சுப் பயிற்சியில் பட்டம் வாங்கிவிட்டு நான்கைந்து வருடம் வேலையும் பார்த்திருந்தாள்.

ரெபேக்காள் மைக்கைப் பிடித்து வாக்கியத்தைப் பாதி சொன்னாள். பிறகு சிரிப்பு வந்துவிட்டது.

"இது யாருக்கு சார் சொல்றது? வாய் கோணிகினு படுத்துனு கீறவங்களுக்கா? 'இன்னாம்மா, நாஸ்தா ஆச்சா'ன்னு கேட்டுட்டுப் பூடுவேன் சார் நானு."

கையூம் மைக்கைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

"பேச்சுப் பயிற்சி கொடுக்க வந்தவருக்கே பேச்சுப் பயிற்சி தேவைப்படுகிறது போலிருக்கிறதே!"

சேர்மன் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். பந்திக் கூடமும் சிரித்தது. வேலை தரப்போகிறவரின் ஜோக்குக்குச் சிரிக்காமல் இருக்க முடியுமா? ரெபேக்காளும் கொஞ்சம் சிரித்தாள், இதற்குப் பிறகு கேள்வி வரும் என்று நினைத்து. கேள்வி வரவில்லை. அடுத்த பெயரைக் கூப்பிட்டார்கள்.

அந்த ஜோக்கைக் கையூம் பல இடங்களில் செலவழித்தார். வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்து அக்கா வீட்டுக்குச் சாப்பிடப் போனபோதும் சொன்னார். அக்கா மகன் அஜ்மல் சிரித்தான். அவன் மனைவி ஹம்னாவும் சிரித்தாள். அக்கா தால்ச்சா கரண்டியோடு நின்று கேட்டாள்.

"அந்தப் பொண்ணு நம்ம மாரியே பேசிச்சாடா?"

"அச்சு அசலா."

"அப்போ நான் வந்து நின்னா இன்னா பண்ணுவே?"

"உன்னையா? வாசலோடவே அனுப்பிடுவேன்."

எல்லோரும் மறுபடி சிரித்தார்கள். அக்காவும்தான். சிரித்து ஓய்ந்த பிறகு, பரிமாற வந்ததை மறந்தவள் போலத் தால்ச்சாவைக் கிளறிக்கொண்டே நின்றாள். கையூம் அப்போது அதைக் கவனிக்கவில்லை. அவர் கவனித்ததெல்லாம் தட்டில் ஆறிக்கொண்டிருந்த பிரியாணியைத்தான்.

அடுத்த மழைக்காலத்தில் சுல்தான் பீவிக்குப் பக்கவாதம் வந்தது. கடையில் ஒரு பக்கெட்டுக்குப் பேரம் பேசிக்கொண்டிருக்கையில், பாதி வாக்கியத்தில் வாய் கோணியது. வாங்க வந்த அம்மாள், கடைக்காரக் கிழவி பேரத்துக்காக முகத்தைச் சுளிக்கிறாள் என்றே நினைத்தாளாம். அரசு மருத்துவமனையில் உயிரைக் காப்பாற்றிவிட்டார்கள். வலது கையும் காலும் துவண்டுவிட்டன. பஜாரையே வாயால் கட்டி ஆண்டவளிடம் மிச்சமிருந்தவை ஒரு கை விரலுக்குள் அடங்குகிற சொற்கள். 'அல்லா', 'இன்னா', 'போ', 'வூடு'. இதுவே நல்ல ஆரம்பம், உடனே பயிற்சி கொடுத்தால் சீக்கிரம் தேறும், தாமதித்தால் கஷ்டம் என்றார் டாக்டர்.

கையூம் அக்காவை அலைமுகத்துக்குக் கொண்டுவந்தார். கடல் தெரிகிற அறை. பரிவுத் தோழிகள் வந்து மீட்சிப் பயணத்தில் உடன் வருவதாகச் சொன்னார்கள். அக்கா ஒவ்வொருத்தியையும் பார்த்து "இன்னா? இன்னா?" என்றாள்.

ஜாக்குலின் நல்ல பெண். பொறுமைசாலி. கட்டிலோரம் உட்கார்ந்து அக்காவின் துவண்ட கையைத் தன் மடியில் வைத்துக்கொண்டு, மறு கையால் பட அட்டையைக் காட்டுவாள். முதல் அட்டையில் ஓட்டுக் கூரை போட்ட ஒரு வீடு.

"இது என்ன, அம்மா?"

அக்கா நெற்றி சுருங்க முயன்றாள். கழுத்து நரம்பு புடைத்தது. "வூ... வூடு."

சொல்லிவிட்டுப் பெருமையோடு தம்பியைப் பார்த்தாள்.

"இல்லை அம்மா. இன்னொரு முறை. உதட்டை இப்படி விரித்து... வீ. வீடு."

"வூடு."

கையூம் அப்போது ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். பிறந்ததிலிருந்து அவள் அப்படித்தான் சொல்லுவாள், எங்கள் தெருவே அப்படித்தான் சொல்லும், அது சரியான பதில்தான் என்று. ஆனால் அவருக்கு வேறொன்று தோன்றியது. எப்படியும் அக்கா புதிதாகத்தானே பேசக் கற்கிறாள், கற்பதைச் சரியாகவே கற்கட்டுமே! மேலும் அது அவர் எழுதிய விதி. விதி எழுதியவரின் சொந்த அக்காவே விதிக்கு வெளியே உட்கார்ந்திருந்தால் நன்றாகவா இருக்கும்? அவரும் கட்டிலுக்குப் பக்கத்தில் குனிந்தார்.

"அக்கா, வீ. இங்கே பார், என் வாயைப் பார். வீ...டு. சொல்லு பார்க்கலாம்."

அக்கா அவர் வாயைப் பார்த்தாள். பிறகு ஜாக்குலின் வாயைப் பார்த்தாள். "வூ..." என்று தொடங்கி, பாதியில் நிறுத்திக்கொண்டாள்.

அதன் பிறகு வேலை நடுவே எட்டிப் பார்க்கும்போதெல்லாம் கையூமும் தன் பங்குக்கு வாயை விரித்துக் காட்டிவிட்டுப் போவார். வாரங்கள் போயின. கால் கொஞ்சம் தேறியது, பிடித்துக்கொண்டு நடந்தாள். வாய் மட்டும் மூடிக்கொண்டே வந்தது.

"மாமா, அம்மா இங்க வரச்சொல்லோ நாலு வார்த்த பேசிச்சு. இப்போ அதுவும் பூட்ச்சு" என்றான் அஜ்மல், வராந்தாவில். "இன்னா மாமா நடக்குது இங்க? அட்டய பார்த்தாலே மூஞ்சிய திருப்பிக்குது."

"மூளை சம்பந்தப்பட்டது அஜ்மல். நேரம் எடுக்கும்."

"எடுக்கட்டும். ஆனா முன்னாடி போவணும்ல? பின்னாடில்ல போய்கினு கீது!"

கையூம் அவனுக்கு மீட்சியின் படிநிலைகளை விளக்கினார். அவன் கேட்டுக்கொண்டான். வயதில் பெரியவர், ஆள் பிடிக்கிற வேலையில் இருப்பவர்.

ஒரு நாள் ஜாக்குலின் ராஜினாமா கொடுத்தாள். அயர்லாந்து. சேர்மன் உத்தரவுப்படி கேக் வெட்டினார்கள். இல்லத்தை விட்டுப் போகிறவர்களிடம் கையூம் தனியாக உட்கார்ந்து பேசுவது வழக்கம். கடைசியாக, எங்களுக்கு ஏதாவது சொல்ல விரும்புகிறீர்களா என்று கேட்பார். எல்லோரும் ஒன்றுமில்லை என்பார்கள். ஜாக்குலின் மட்டும் கண்கலங்கினாள்.

"உங்கள் அக்காவை முன்னேற்ற முடியவில்லை சார். அதுதான் வருத்தம். முதல் அட்டையைத் தாண்டவே முடியவில்லை. ஈகாரம் வருவதே இல்லை, எப்போதும் ஊகாரம்தான். மூளையில் அந்த இடமே போய்விட்டது என்று நினைக்கிறேன். முதல் அட்டை சரியாக வந்தால்தானே அடுத்த அட்டைக்குப் போக முடியும்?"

கையூம் கேக்கைக் கீழே வைத்தார். "முதல் அட்டையிலேயேவா இருந்தீர்கள்? இத்தனை நாளாகவா?"

"நடுவில் ஒரு முறை பழத்தைக் காட்டிப் பார்த்தேன் சார். வாழைப்பழம். அதைப் பார்த்ததும் 'பயம், பயம்' என்றார்கள். ஏதோ பழைய அதிர்ச்சி இருக்க வேண்டும். நம் மனநல ஆலோசகர்கூட மூன்று முறை வந்து பேசினார். அதிலிருந்து சாப்பாட்டுத் தட்டிலும் பழத்தை நிறுத்திவிட்டோம்."

செங்கல்பட்டு பஜாரில் வண்டிக்காரன் 'வாயப்பயம், வாயப்பயம்' என்று கூவிக்கொண்டு போனால், சீப்பைக் கையில் பிடித்துப் பார்த்து, இது பயமாடா, காயில்ல கீது என்று தெருவே கேட்கச் சண்டை போடுகிறவள் அவர் அக்கா. பழம் என்று அவள் வாயில் ஒருநாளும் வந்ததில்லை. வராத எழுத்தைக் காணோம் என்று கடலோர அறையில் உட்கார்ந்து இத்தனை பேர் தேடியிருக்கிறார்கள். இருந்த சொல்லைத் தவறு என்று தினமும் சொல்லிச் சொல்லி அவளிடமிருந்து பிடுங்கிக்கொண்டார்கள். பிடுங்கியவர்களில் அவரும் ஒருவர். ஜாக்குலினுக்காவது தெரியாது. அவருக்குத் தெரியும்.

"அது கோளாறு இல்லை ஜாக்குலின்" என்றார். "அவள் பேச்சே அதுதான்."

அந்தப் பெண் நிமிர்ந்து பார்த்தாள். முகம் வெளுத்தது. "ஏன் சார் என்னிடம் யாருமே சொல்லவில்லை?"

கையூம் தெளிந்த தமிழில் ஏதோ தொடங்கி, பாதியில் நிறுத்திக்கொண்டார்.

ரெபேக்காளைத் தேடிப் பிடிப்பது கையூமுக்குச் சிரமமாக இருக்கவில்லை, தொழிலே அதுதானே. மதுராந்தகம் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால், மளிகைக் கடைக்கும் ஜெராக்ஸ் கடைக்கும் நடுவே ஒரு சிறிய பயிற்சி மையம். வெளியே பெஞ்சில் வாய் கோணியவர்களும், பேச்சு வராத குழந்தைகளைத் தூக்கி வந்தவர்களும் உட்கார்ந்திருந்தார்கள். போகிற வழியெல்லாம் கையூம் மன்னிப்பை ஒத்திகை பார்த்திருந்தார். உள்ளே போனதும் தொடங்கினார்.

"அன்றைக்கு மண்டபத்தில் உங்களிடம் நான் நடந்துகொண்ட விதம்..."

"எந்த மண்டபம் சார்?" ரெபேக்காள் ஒரு பையனின் கன்னத்தைத் தட்டிக்கொண்டே கேட்டாள். "அந்த வருசம் நான் போவாத மண்டபமே இல்ல."

"செங்கல்பட்டு. அலைமுகம். பேச்சுப் பயிற்சி பற்றி நான் ஒரு ஜோக்..."

"ஜோக்கா?" யோசித்தாள். "பேனருக்குப் பின்னாடி மாப்ள பேரு எட்டிப் பார்த்துகினு இருந்துச்சே, அதுவா? அந்த எழுத்த வச்சி மாப்ள பேரு இன்னான்னு பஸ்ல வர்ற வரிக்கும் நானும் இன்னொரு பொண்ணும் யோசிச்சிகினே வந்தோம் சார். நீங்களா அங்க இருந்தீங்க? நெனப்பில்லையே."

மன்னிப்பு கேட்கக்கூட ஆள் இல்லாமல் போயிற்று. ஒத்திகை பார்த்ததை விழுங்கிவிட்டு, கையூம் அலைமுகத்தில் அவளுக்கு ஒரு தலைமைப் பதவி தருவதாகச் சொன்னார். பதவியின் பெயரை முழுதாகச் சொல்லி முடிப்பதற்குள் பெஞ்சிலிருந்து இன்னொருவர் எழுந்து வந்துவிட்டார்.

"அதெல்லாம் வேணாம் சார். இத்தினி பேர வுட்டுட்டு எங்க வர்றது? யாருக்கு ஒடம்பு சரியில்ல, அத சொல்லுங்க. அக்காவா? இட்டுனு வாங்க. காலைல வந்தா கூட்டம் கம்மியா இருக்கும்."

அக்காவை அலைமுகத்திலிருந்து செங்கல்பட்டு வீட்டுக்கே திருப்பிக் கூட்டிவந்து, அங்கிருந்து இட்டுக்கொண்டு போனார்கள். அஜ்மல் ஒரு பக்கம், கையூம் ஒரு பக்கம் பிடித்துக்கொண்டார்கள். ரெபேக்காள் அட்டை எதையும் எடுக்கவில்லை. மூலையில் கிடந்த ஒரு பிளாஸ்டிக் பக்கெட்டை இழுத்து அக்காவின் காலடியில் வைத்தாள்.

"இன்னாம்மா, பஜார்ல கட வச்சினு கீறீங்களாமே. இந்த பக்கெட்டு எவ்ளோ?"

அக்கா பக்கெட்டைப் பார்த்தாள். உதடு அசைந்தது. உடனே கண் தம்பியிடம் போயிற்று. இடது கையைத் தூக்கி வாயைப் பொத்திக்கொண்டாள்.

ரெபேக்காள் அக்காவையும் தம்பியையும் மாறி மாறிப் பார்த்தாள். "சார், எதிர்ல டீ நல்லா இருக்கும். சாப்ட்டு வாங்களேன்."

கையூம் டீக்கடைவரை போகவில்லை. கதவுக்கு வெளியே நின்றார். உள்ளே ரெபேக்காள் அநியாயத்துக்குக் குறைத்துக் கேட்டுக்கொண்டிருந்தாள். ஓட்டை பக்கெட்டு என்றாள், பக்கத்துக் கடையில் இனாமாகவே தருகிறான் என்றாள். பிறகு ஒரு குரல் கரகரவென்று, துருப்பிடித்த ஷட்டரைத் தூக்குவது போல எழும்பியது.

"இன்... இன்னா... வெ... வெளாட்றியா? போ... போம்மே!"

கையூம் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே ஓடினார். "அக்கா!"

அக்காவின் வாய் அப்படியே நின்றது. கை மறுபடி உதட்டுக்குப் போயிற்று. திருட்டுத் தின்பண்டம் தின்று மாட்டிக்கொண்டவள் முகம் போலிருந்தது அவள் முகம்.

"சார்," என்றாள் ரெபேக்காள், எரிச்சலை மறைக்காமல், "இவங்க பேச்சு எங்கியும் போவல. நீங்க இருந்தா வர மாட்டேங்குது. அதுக்கு நான் இன்னா பண்ணட்டும்? அக்கா பையன் மட்டும் வரட்டும்."

அதிலிருந்து கையூம் வண்டி மட்டும் ஓட்டினார். பயிற்சி நாட்களில் லீவு போட்டுவிட்டு, மளிகைக் கடை ஓரம் நிறுத்தி, உள்ளேயே உட்கார்ந்திருப்பார். அஜ்மலும் அக்காவும் பேசிக்கொண்டே வெளியே வருவார்கள். வண்டியைக் கண்டதும் அக்கா நிறுத்திவிடுவாள். மதுராந்தகத்திலிருந்து செங்கல்பட்டுவரை வண்டிக்குள் இண்டிகேட்டர் சத்தம்தான்.

ஒரு நாள் கையூம் துணிந்தார். முந்தின இரவு குளியலறைக் கண்ணாடி முன்னால் பழகியும் பார்த்திருந்தார். அக்கா ஏறி உட்கார்ந்ததும் திரும்பி, "இன்னாக்கா, எப்டி கீற? நாஸ்தா துன்னியா?" என்றார்.

அது பழைய கையூம் பேசியது போல இல்லை. ஆண்டு விழாவில் ஆபீஸர் ஒருவர் தலைப்பாகை கட்டிக்கொண்டு குப்பத்துக்காரன் வேஷம் போட்டது போலிருந்தது. சொன்ன மாத்திரத்தில் அவருக்கே கேட்டுவிட்டது. அக்கா அவரை ஒரு நிமிஷம் பார்த்தாள். கோபப்பட்டிருந்தால்கூடப் பரவாயில்லை. தன்னைப் போலப் பேசிக் காட்டிக் கேலி செய்கிறான் என்று நினைத்துவிட்டாள் போலிருக்கிறது. கண் நிறைந்து, முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

"கேலி இல்லக்கா. சத்தியமா கேலி இல்ல" என்றார் கையூம். அதுவும் சரியாக வரவில்லை.

அடுத்த முறை பயிற்சி முடிந்ததும் அஜ்மல் தனியாக வண்டிக்கு வந்தான். தலையைச் சொறிந்தான்.

"மாமா, தப்பா எடுத்துக்காத. அம்மா இப்போ நல்லா பேசுது. வெளிய வந்தா நின்னு பூடுது. இங்க டாக்டரம்மா, பேசிகினே இருக்கணும், கேப்பு வுடக் கூடாதுன்னு சொல்றாங்க. நீ சாவிய குடேன். நான் ஓட்டினு போறேன். நீ பஸ்ல வந்துடு."

கையூம் சாவியைக் கொடுத்தார். அக்கா மையத்தின் வாசலில் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். கையசைக்கலாமா என்று யோசித்து, அதற்கும் அவள் வாயைப் பொத்திக்கொள்வாளோ என்று பயந்து, பேசாமல் பஸ் ஸ்டாண்டைப் பார்த்து நடந்தார்.

செங்கல்பட்டு பஸ்ஸில் உட்கார இடமில்லை. கம்பியைப் பிடித்து நின்றார். சேர்மன் இரண்டு முறை போனில் கூப்பிட்டார். அயர்லாந்து போனவளின் இடத்துக்கு இன்னும் ஆள் வரவில்லை. படாளம் தாண்டியதும் அஜ்மல் ஓட்டி வந்த கார் பஸ்ஸைப் பிடித்து வலப்பக்கமாக ஒட்டி வந்தது. கையூம் குனிந்து பார்த்தார். முன் சீட்டில் அக்கா. இடது கையை முகத்துக்கு முன்னால் ஆட்டி ஆட்டி எதையோ சொல்லி யாரையோ திட்டிக்கொண்டிருந்தாள். அஜ்மல் ஸ்டியரிங்கில் சாய்ந்து சிரித்துக்கொண்டிருந்தான். அவளுடைய வாய் மூடவே இல்லை.

என்ன சொல்கிறாள் என்று கேட்க வழியில்லை. பஸ் ஒரு லாரிக்குப் பின்னால் வேகம் குறைந்தது. கார் தாண்டிப் போயிற்று.